கவனயீனத்தை விட்டால் நாற்பத்தாறு

"சதையியில் சுரக்கப்படும் ஓமோன்கள் பற்றிய பின்வரும் கூற்றுகளில் பிழையானது எது?" என்று வாசித்தேன்.

"நாலு" என்றாள் அக்கா.

அவள் புட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை. நான் அடுப்படி வாசலில், வாழைப்பழம் ஏற்றுகிற பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தேன். மடியில் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு. அதன் மட்டை எப்போதோ கழன்றுபோய், முதல் பக்கத்தில் மஞ்சள் கறை படிந்திருந்தது.

"நான் இன்னும் விடையள் வாசிக்கேல்லையே அக்கா."

"வாசிச்சால் என்ன, வாசிக்காட்டில் என்ன. நாலு தான். நீ அடுத்ததை வாசி."

பின்பக்கம் புரட்டிப் பார்த்தேன். நாலுதான்.

போன கிழமை இந்தப் பத்தியில் எங்கள் கிணற்றைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அக்கா தொலைபேசியில் குறைபட்டாள். "உன்ரை கதையளிலை நான் எப்ப பார்த்தாலும் சமைச்சுக்கொண்டு தான் நிக்கிறன்." இந்தக் கிழமையும் அவளைத் திருவலையில் இருத்திவிட்டேன். என்ன செய்வது, உண்மையில் அங்கேதான் இருந்தாள்.

அது நீர்வேலியில் எங்கள் வீடு. அப்பாவுக்கு வாழைத்தோட்டம். அம்மாவுக்குச் சலரோகம், அதாவது சீனி வருத்தம். அக்கா உயர்தர உயிரியல் சோதனையை இரண்டு முறை எழுதிவிட்டு மூன்றாம் தரம் எழுதவிருந்தாள். நான் முதலாம் தரம். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே வருடம் எழுதுவது எங்கள் பக்கத்தில் புதினமில்லை. ஆனால் மூன்றாம் தரத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்கென்று நான்காம் தரம் கிடையாது. அக்கா மருத்துவத்துக்குப் போவதென்றால் அந்த ஒரு சோதனைதான் மிச்சம்.

புள்ளடி

பல்தேர்வு வினா என்பது அரசாங்கத் தமிழ். நாங்கள் எம்சிகியூ என்போம். ஒரு தாளில் ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை. சரியென்று நினைக்கிற இலக்கத்தின் மேல் புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போடவேண்டும்.

இந்தப் புள்ளடி ஒரு விசித்திரமான சாமான். ஒன்பது பத்து வருடமாக ஆசிரியர்மார் எங்கள் கொப்பியில் புள்ளடி போட்டால் பிழை என்று அர்த்தம். பிறகு ஒருநாள், இனிமேல் சரியானதற்கு நீங்களே புள்ளடி போடுங்கோ என்கிறார்கள். முதல் தடவை அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கை வரவில்லை. வாக்குச் சீட்டிலும் புள்ளடிதான். அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"நானும் உந்தப் புள்ளடியைப் போட்டுப் போட்டுப் பார்த்திட்டன் பிள்ளை" என்றார். "ஒருக்காலும் சரி வந்ததில்லை."

விடை தெரியாதபோது என்ன செய்வது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாத்திரம் உண்டு. இணுவிலில் இருக்கிற என் சித்தப்பா மூன்றாம் இலக்கத்தின் பக்தர். "தெரியாட்டில் மூண்டைப் போடு. மூண்டு ஆரையும் கைவிடாது" என்பார். அவரை அது எத்தனை தரம் கைவிட்டது என்பது சித்திக்குத்தான் தெரியும். சோதனைக்கு முந்திய வெள்ளிக்கிழமை கோயிலில் பேனைகளை வைத்து அர்ச்சனை செய்து தருவதும் அவர் பொறுப்பு. ஒருமுறை என் பேனையைக் கொண்டுபோய் வேறு யாருடையதையோ மாற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பேனை சோதனை மண்டபத்தில் மை கக்கி, என் வலது கையை நீலமாக்கியது. எனக்குக் கடைசியில் விவசாய பீடம் கிடைத்தபோது, "வாழைக்காரன்ரை மகளுக்கு வேறை என்ன வரும்?" என்று சொன்னவரும் அவர்தான். பேனையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

எத்தினை?

அக்கா பின்னேரங்களில் ஒரு பழைய வினாத்தாளைச் செய்வாள். மணிக்கூட்டைப் பார்த்துச் செய்து, பின்பக்கத்து விடையைப் பார்த்துத் தானே சிவப்புப் பேனையால் திருத்துவாள். இராச்சாப்பாட்டின்போது அப்பா கேட்பார்.

"இண்டைக்கு எத்தினை?"

"நாப்பத்திரண்டு. கவனயீனத்தை விட்டால் நாப்பத்தாறு."

கவனயீனம் என்ற சொல் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் ஒரு பிள்ளையும் படித்திருக்காது. கேள்வியை ஒழுங்காக வாசிக்காமல் பிழைவிட்டால் கவனயீனம். ‘பிழையானது எது’ என்று கேட்டிருக்க, சரியானதைத் தேடிப்பிடித்துப் புள்ளடி போட்டால் கவனயீனம். இரண்டு விடைக்கு நடுவில் நின்று தடுமாறி மற்றதைப் போட்டால் அதுவும் கவனயீனம். தெரியாமல் விட்ட பிழை என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் நாற்பத்திரண்டை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நாற்பத்தாறுதான் நின்றது.

அப்பா அந்த நாற்பத்தாறைச் சந்தைக்கும் கொண்டுபோனார். குலை எடுக்க வருகிறவர்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிறவர்கள், சவுக்காரக் கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும், மூத்தவள் இந்தமுறை டொக்டர் என்று. பெருமை பேசுகிற மனிதரல்ல அவர். இரண்டு தடவை மகளுக்கு மருத்துவம் தவறிப்போனதை அதே ஆட்களிடம் சொல்லியிருந்தார். இப்போது ஒரு நல்ல செய்தி கையில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு ஒரு அழைப்பு வந்தது. இரண்டாம் தரத்துப் பெறுபேற்றை வைத்துத் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். அதுவும் சித்தப்பாவின் நச்சரிப்பில் போட்டது. நேர்முகம் முடிந்து, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது. சோதனைக்கு ஒரு மாதத்துக்கு முன்பே போய்ச் சேரவேண்டும். சேர்ந்தால் மூன்றாம் தரம் எழுத முடியாது. எழுதுவதென்றால் அந்த இடம் போய்விடும், அடுத்தமுறை கிடைக்குமென்று நிச்சயமில்லை.

அப்பாவுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"நாப்பத்தாறு எடுக்கிற பிள்ளை ஏன் நேர்சிங் போகவேணும்? வரேல்லை எண்டு எழுதிப் போடு."

அக்கா ஓம் என்றாள். ஆனால் உடனே எழுதிப் போடவில்லை. பதில் சொல்லக் கொஞ்சம் தவணை இருந்தது.

நாலாவது கூற்று

இனித் திருவலைக்குத் திரும்பி வருகிறேன்.

விடைகளை வாசிக்க முன்பே அவள் நாலு என்றது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. பிறகு கொஞ்சம் எரிச்சலும் வந்தது, ஏனென்றால் அதே கேள்வியில் நான் பிழைவிட்டிருந்தேன். அவளை ஒருக்கால் பேய்க்காட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அடுத்த கேள்விக்குப் போகாமல் அதையே மறுபடி எடுத்தேன்.

"இல்லை அக்கா, முழுக்க வாசிக்கிறன், கேள். எனக்கும் விளங்கவேணும்."

ஐந்து கூற்றுகளையும் வாசித்தேன். ஒழுங்கை மட்டும் மாற்றினேன். நாலாவதாக இருந்த பிழையான கூற்றை இரண்டாவதாகச் சொன்னேன். நாலாவது இடத்தில் நான் வாசித்தது, ‘இன்சுலின் குருதியில் குளுக்கோசின் அளவைக் குறைக்கும்’ என்பது.

"சொன்னன் தானே, நாலு" என்றாள் அக்கா.

"நாலு பிழையோ?"

"ஓமடி. நாலு தான் பிழை."

"அப்ப அம்மாக்கு நீ ஒவ்வொரு நாளும் ஊசி போடுறது என்னத்துக்கு?"

அம்மாவுக்கு இன்சுலின் போடுவது அக்காதான். காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, அளவை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, போடுவாள். பின்னேரமும் அப்படித்தான். இன்சுலின் சீனியைக் குறைக்கும் என்பது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும்.

நான் சிரித்தேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் திருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருக்கவில்லை. பயம் இருந்தது. அக்காவின் முகத்தில் நான் அதை அதற்கு முன் கண்டதில்லை. என் சிரிப்பும் நின்றுவிட்டது.

"இன்னொருக்கா வாசி" என்றாள். "விடையளை வாசியாதை. கேள்வியை மட்டும் வாசி."

வாசித்தேன். புத்தகத்தில் கண்ணுக்கு வந்த கேள்விகளையெல்லாம் வாசித்தேன். சிலவற்றுக்கு அவள் நன்றாக விளக்கம் சொன்னாள். பலவற்றுக்கு உடனே ஒரு இலக்கம் சொன்னாள், ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தத் தொகுப்பை அவள் மூன்று வருடமாகத் திரும்பத் திரும்பச் செய்திருந்தாள். கேள்வியின் முதல் வரி போதும், இலக்கம் தானாக வரும். பாடம் வந்ததா என்பது வேறு கேள்வி. அதை ஒருவரும் கேட்டதில்லை.

அன்று புட்டுக்குத் தேங்காய்ப்பூ போதாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு சில நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. ஒரு பழைய கலியாண அழைப்பிதழின் கெட்டி அட்டையை வெட்டி எடுத்து, விடைகளை அதால் மறைத்துக்கொண்டு கேள்விகளைச் செய்தாள். விடையை யோசித்த பிறகுதான் அட்டையை விலக்கிப் புள்ளடி போட்டாள். போட்டவுடன், திருத்த முதலே, பக்கத்தில் ஒரு எழுத்துப் போடுவாள். ‘தெ’ என்றால் தெரியும். ‘ஊ’ என்றால் ஊகம். ‘க’ என்றால் கண்டது, அதாவது கேள்வியை முன்பு கண்ட ஞாபகத்தில் போட்ட விடை, காரணம் தெரியாது. திருத்தும்போது ‘தெ’ போட்ட சரிகளை மட்டும் எண்ணினாள். மற்றவை சரியாக இருந்தாலும் விட்டுவிட்டாள்.

கஞ்சத்தனமான எண்ணிக்கை என்று நான் நினைத்தேன். நானும் ஒருநாள் களவாக அப்படிச் செய்து பார்த்தேன். வந்த எண்ணை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

"இண்டைக்கு எத்தினை?" என்று அப்பா வழக்கம்போல் கேட்டார்.

"இருபத்தேழு."

அப்பா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தார். "கவனயீனமோ?"

"இல்லை அப்பா. மிச்சம் எனக்குத் தெரியாது."

சேர் சொன்னது

அடுத்த நாள் அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரியூட்டரிக்குப் போனார். உயிரியல் சேர் அங்கே ஒரு பெரிய தகரக் கொட்டகையில் ஒலிவாங்கி வைத்துப் படிப்பிப்பவர். பின்வாங்கில் இருந்தால் அவரது முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். கைத்தொலைபேசிக் குழுவில் விடிய ஒரு கேள்வி போடுவார், சடசடவென்று இலக்கங்கள் விழும். நல்ல மனிதர். அப்பாவை இருக்கச் சொல்லி, அக்காவின் புள்ளிகளைத் தேடிப் பார்த்தும் சொன்னாராம்.

"உங்கடை பிள்ளை என்ரை கடைசிப் பேப்பரிலை நாப்பத்திநாலு. சோதினைப் பயத்திலை உப்பிடிக் கதைக்கிறா. கன பிள்ளையள் கடைசி நேரத்திலை உப்பிடித்தான். நேர்சிங்குக்கு விட்டிட்டுப் பிறகு கவலைப்படாதேங்கோ."

அப்பா தெளிந்த முகத்தோடு வந்தார். வரும் வழியில் சாவகச்சேரிப் பக்கத்து மாம்பழமும் வாங்கி வந்திருந்தார். அம்மா தின்னக்கூடாத பழம்.

"கேட்டியே, சேர் சொல்லுறார் மெடிசின் போகுமாம்."

"சேரின்ரை பேப்பரும் பழைய கேள்வியள் தான் அப்பா. நான் இலக்கத்தை அடையாளம் பிடிக்கிறன், அவ்வளவு தான்."

"அவருக்குத் தெரியாததோ உனக்குத் தெரியப்போகுது?"

"என்ரை மாக்ஸ் அவருக்குத் தெரியும். எனக்கு என்ன தெரியாதெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

அப்பாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், வெளியே போய்ப் பம்பைக் கழுவுவார். அன்று தண்ணீர் இறைக்கிற முறையே இல்லை. என்றாலும் பம்பு கழுவப்பட்டது. அம்மா மாம்பழத்தை வெட்டி எங்கள் இருவருக்கும் தந்துவிட்டு, கொட்டையை மட்டும் தான் சூப்பினா.

எனக்கு அந்த நாள்களில் பெரிய குற்றவுணர்ச்சி இல்லை. உண்மையைச் சொன்னால், ஆத்திரம்தான் இருந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டு சோதனையை எழுதினால் என்ன? பழைய கேள்விகள் நாலைந்து தப்பித்தவறி வந்தால் இலக்கம் கைகொடுக்காதா? கெட்டித்தனமாகத் தோற்பதைவிட முட்டாள்தனமாக வெல்வது மோசமா? இதை அவளிடமே கேட்டேன்.

"வராட்டில்?" என்றாள். "பிறகு எனக்கு ஒண்டுமில்லையடி. அதுகும் இல்லை, இதுகும் இல்லை."

நாற்பத்தாறா இருபத்தேழா என்பது எனக்கு ஒரு வீட்டுச் சண்டை. அவளுக்கு அது முழு வாழ்க்கை.

ஞாயிற்றுக்கிழமை

பதில் சொல்லவேண்டிய தவணை நெருங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அக்கா வினாத்தாள் தொகுப்பையும் கலியாண அட்டையையும் கொண்டுவந்து அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்களே வாசியுங்கோ அப்பா. விடையளை உந்த அட்டையாலை மூடுங்கோ. நீங்கள் விரும்பின பக்கத்தை எடுங்கோ."

"எனக்கு உது விளங்காது."

"உங்களுக்கு விளங்கத் தேவையில்லை. கேக்கிற விசயத்தைப் பற்றி நான் சொல்லுறது விளக்கமோ, முழிப்போ எண்டு முகத்தைப் பார்த்தால் தெரியும் தானே."

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்தார். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தார். வாழைத்தோட்டத்தில் ஒரு இலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல அட்டையை மெதுவாக வைத்து மூடினார். ‘ஒட்சியேற்றம்’ என்ற சொல்லில் இரண்டுதரம் தடக்குப்பட்டார்.

முதல் கேள்விக்கு அக்கா தெளிவாகச் சொன்னாள். இரண்டாவதற்கும் சொன்னாள். மூன்றாவது நரம்பைப் பற்றியது, அதற்குக் கையால் படம் கீறிக் காட்டினாள். அப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்கும்கூட, சேர் சொன்னது சரியோ என்று வந்துவிட்டது.

நாலாவது கேள்வி.

"தெரியாது" என்றாள்.

அடுத்தது.

"தெரியாது."

"யோசி பிள்ளை. அவசரமில்லை."

"யோசிச்சும் தெரியாது அப்பா."

அப்பா பக்கத்தை மாற்றினார். இன்னொரு பக்கம். அதற்கு ஒன்று வந்தது, பிறகு மறுபடி தெரியாது. அவள் குரல் கூடவோ குறையவோ இல்லை. அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றா. அப்பா ஒரு கேள்வியை வாசித்துவிட்டு, அட்டையை விரலால் கொஞ்சம் கீழே இழுத்தார்.

"உந்த ஐஞ்சையும் வாசிக்கட்டே? வாசிச்சால் வரும்."

"வேண்டாம் அப்பா. இலக்கம் இப்பவும் வாயிலை நிக்குது, ஏனெண்டு தான் தெரியாது. அதுதான் வில்லங்கம்."

அப்பா அட்டையை மேலே தள்ளினார். அந்தக் கேள்வியையே இன்னொருமுறை, மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். அவர் மகளுக்கு விடை வரவேண்டுமென்று தன் குரலால் கெஞ்சிக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்லவேண்டும். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை, எழும்பிப் போகவும் முடியவில்லை.

அக்காவின் கண் நிரம்பிவிட்டது. ஆனாலும் அதையேதான் சொன்னாள்.

"தெரியாது."

"காணும்" என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றினார். "காணும் பிள்ளை. போதும்."

வெளியே யாரோ ஒழுங்கையால் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"உனக்கு டொக்டர் ஆக விருப்பமில்லையே?" என்று அப்பா கேட்டார்.

"விருப்பம் தான். சரியான விருப்பம்" என்றாள் அக்கா. அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

அம்மா அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்து, அப்பாவைப் பார்த்துச் சொன்னா: "இவள் ஊசி போட்டால் எனக்கு நோகிறதேயில்லை. ஆசுப்பத்திரியிலை போட்டால் நோகும். அதையும் ஒருக்கா யோசியுங்கோ."

அப்பா யோசித்தாரா என்று தெரியாது. "எண்டைக்குப் போய்ச் சேரவேணும்?" என்று மட்டும் கேட்டார். அக்கா திகதியைச் சொன்னாள். பெட்டி ஒன்று வாங்கவேண்டும் என்றார். பிறகு போய்ப் படுத்தார், பின்னேரத் தேநீருக்கும் எழும்பவில்லை.

மறுநாள்

திங்கட்கிழமை காலை குலை ஏற்றுவதற்கு வியாபாரி லாண்ட்மாஸ்டர் உழவியந்திரத்தோடு தோட்டத்துக்கு வந்தான். நான் தேநீர் கொண்டுபோயிருந்தேன். அப்பா வெட்டிய குலைகளைத் தூக்கிக் கொடுக்க, அவன் வாழைச்சருகு பரப்பிய பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். வாய் ஓயாத மனிதன். விலை, மழை, பெற்றோல் எல்லாம் பேசி முடித்துவிட்டு, நான் பயந்த இடத்துக்கு வந்தான்.

"அண்ணை, டொக்டர் அம்மாக்கு எப்ப சோதினை?"

அப்பா தலையைக் குனிவார், அல்லது ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த அந்த மனிதரை நினைக்க எனக்கு அழுகை வந்தது.

"அவள் சோதினை எழுதேல்லை. நேர்சிங் போறாள்" என்றார் அப்பா. குரல் வழக்கம்போலவே இருந்தது.

"என்ன அண்ணை, நாப்பத்தாறு எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அப்பா அடுத்த குலையைத் தூக்கி, காம்பைத் தன் பக்கம் திருப்பி, அடிபடாமல் அவன் கையில் கொடுத்தார்.

"அது நாங்கள் பிழையாய் எண்ணிப்போட்டம்" என்றார். "பிள்ளை தான் திருத்தித் தந்தவள்."